வளையம் மூட மறுத்தால்: பல்லின வளையச் சேர்மத் தயாரிப்பில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

டிஎல்சி தகட்டை (கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டும் மெல்லிய சிலிக்காத் தகடு) கையில் பிடித்துக்கொண்டு, "எல்லாம் பேப்பரில் சொன்னபடிதான் போட்டேன், வரவே இல்லை" என்று வந்து நிற்கும் மாணவர்களிடம் பல வருடங்களாகச் சொல்லிவருவதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பல்லின வளையம் என்றால் கார்பனோடு நைட்ரஜன் போன்ற வேறு அணுவும் உள்ள வளையம்; அவற்றில் பென்சிமிடசோல், டைஹைட்ரோபிரிடின், டைஹைட்ரோபிரிமிடினோன், பைரசோல், பைரோல் ஆகிய ஐந்து குடும்பங்களைத்தான் பெரும்பாலும் மனதில் வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் எஃப்டிஏ ஒப்புதல் பெற்ற சிறுமூலக்கூறு மருந்துகளைக் கணக்கெடுத்து 2014-ல் வந்த ஓர் ஆய்வில், 59 சதவீதத்தில் நைட்ரஜன் உள்ள வளையம் ஒன்றாவது இருந்தது. மருந்து வேதியியலுக்குள் வருகிற யாரும் இந்த வளையங்களைத் தொடாமல் போக முடியாது.

வினைவழிமுறை விளக்கம் இங்கே இல்லை. உங்கள் அறிகுறிக்கான தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிதில் பார்க்கக்கூடிய காரணம் முதலிலும், நேரமும் பணமும் தின்னும் காரணம் கடைசியிலும் இருக்கும். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள். வினையூக்கியை மாற்றிப் பார்ப்பதில் ஒரு வாரம் போன பிறகு, கோளாறு ஆல்டிஹைடு பாட்டிலில் இருந்தது என்று தெரியவந்த கதைகள் நிறைய.

## எதற்கும் முன்னால்: இவை இருந்தால் கையை எடுங்கள்

சோடியம் அசைடு உள்ள கலவையில் டைகுளோரோமீத்தேன் சேர்ந்திருந்தாலோ, அமிலம் விழுந்திருந்தாலோ நீங்களே சரிசெய்யப் போகாதீர்கள். முதலாவதில் வெடிக்கக்கூடிய டைஅசிடோமீத்தேன் உருவாகலாம். இரண்டாவதில் நச்சும் வெடிப்புத் தன்மையும் உள்ள ஹைட்ரசோயிக் அமிலம் வரும். எதையும் அசைக்காமல், பக்கத்தில் இருப்பவர்களை விலகச் சொல்லிவிட்டு, ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அசைடை உலோகக் கரண்டியால் எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு போட்ட வினையைப் பனிக்கட்டி நீரில் ஊற்றியதும் "சூடே ஏறவில்லை" என்று நிம்மதி அடைய வேண்டாம். அது தாமதமாகச் சூடாகும். சில நிமிடம் கழித்துப் பொங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், வெப்பமானியைப் பாருங்கள், மூடி போடாதீர்கள். மூடிய குழாயில் அழுத்தம் ஏறியது போலத் தெரிந்தால் தடுப்புக்குப் பின்னால் அப்படியே ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

## அறிகுறி 1: இரவு முழுக்க ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பி விழும்படி கொதிக்க விடுவது), டிஎல்சியில் மாற்றமே இல்லை

தகட்டையே முதலில் சந்தேகப்படுங்கள். தொடக்கப் பொருளும் விளைபொருளும் ஒரே உயரத்தில் நிற்பது வழக்கம்தான். மூன்று புள்ளி வையுங்கள்: தொடக்கப் பொருள், வினைக் கலவை, நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக. கரைப்பான் கலவையை மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். 254 நானோமீட்டர் விளக்கில் பார்த்த பிறகு அயோடின் ஜாடியிலும் வையுங்கள். பைரோல், இன்டோல் என்றால் ஏர்லிஷ் கரைசலில் நிறம் வரும். தொடக்கப் பொருளில் வராது.

ஆல்டிஹைடு பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். பென்சால்டிஹைடு பாட்டிலின் மூடியைத் திறந்தால் திருகு மரையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அது பென்சாயிக் அமிலம். கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சம் சுரண்டி உருகுநிலை பாருங்கள், 122 டிகிரி பக்கம் காட்டும். காற்றுப் பட்டே ஆல்டிஹைடு இப்படி ஆகிறது. நீங்கள் 1 சமானம் (கணக்குப்படி வேண்டிய மோல் அளவு) போட்டதாக நினைத்தது உண்மையில் முக்கால் சமானமாக இருந்திருக்கலாம். 10 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். ஹான்ட்ஸ் (டைஹைட்ரோபிரிடின் தருவது), பிஜினெல்லி (டைஹைட்ரோபிரிமிடினோன் தருவது) வினைகளில் "வரவில்லை" என்று என்னிடம் வந்தவற்றில் இந்தக் காரணத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அமீன் உப்பாக இருக்கிறதா? லேபிளில் ஹைட்ரோகுளோரைடு என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் எடை போட்டால் மோல் கணக்கும் தப்பு, வினைபுரியும் அமீனும் கிடைக்காது. சோடியம் அசிடேட்டோ ட்ரைஎத்திலமீனோ ஒரு சமானம் சேர்த்துப் பாருங்கள். டைகீட்டோனையும் அமீனையும் சேர்த்துச் செய்யும் பால்-க்னோர் பைரோலில் இது இன்னும் முக்கியம். உப்பாகவே போட்டு பிஎச் 3-க்குக் கீழே போய்விட்டால் டைகீட்டோன் தானாகவே மூடிக்கொண்டு ஃபியூரான் ஆகிவிடும், பைரோல் வராது.

அம்மோனியா ஓடிவிட்டதா? ஹான்ட்ஸ் வினையில் அம்மோனியம் அசிடேட் போட்டிருந்தால் குளிர்விப்பானின் உள்சுவரைப் பாருங்கள். வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தால் உப்பு ஆவியாகி மேலே போய்விட்டது. கட்டிதட்டிப் பிசுபிசுக்கும் அம்மோனியம் அசிடேட் என்றால் பாதி எடை தண்ணீராக இருக்கலாம், புதியது எடுங்கள். அரை சமானம் கூடுதலாகச் சேர்த்து இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் நகர ஆரம்பிக்கும்.

இவ்வளவும் சரி என்றால்தான் தண்ணீரை வெளியேற்ற மூலக்கூறு சல்லடை, டீன்-ஸ்டார்க் அமைப்பு, அப்புறம் வெப்பநிலை, கடைசியாக வினையூக்கி. மூன்று வினையூக்கி மாற்றியும் நகரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, தொடக்கப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) எடுங்கள்.

## அறிகுறி 2: வினை நடந்தது, ஆனால் நிறை எண் (நிறைமானி காட்டும் மூலக்கூறு நிறை) ஒத்துவரவில்லை

எதிர்பார்த்ததைவிட 18 கூடுதல்: ஒரு தண்ணீர் இன்னும் வெளியேறவில்லை. ஆர்த்தோ-ஃபினைலீன்டைஅமீனும் கார்பாக்சிலிக் அமிலமும் போட்ட பென்சிமிடசோல் வினை பாதியில், அமைடு நிலையில் நிற்கிறது. பொருளைத் தூக்கி எறிய வேண்டாம். அதையே எடுத்து அமிலத்தில் மறுபடி சூடாக்கினால் மூடிக்கொள்ளும்.

2 கூடுதல்: ஆக்சிஜனேற்றம் மீதி இருக்கிறது. சால்கோனும் ஹைட்ரசீனும் சேர்த்தால் முதலில் வருவது பைரசோல் அல்ல, பைரசோலின். என்எம்ஆரில் ஏறத்தாழ 3.1, 3.8, 5.3 பிபிஎம் (என்எம்ஆர் அளவுகோலின் அலகு) இடங்களில் மூன்று இரட்டை-இரட்டைகள் (நான்கு கோடாகப் பிரிந்த உச்சிகள்) வரிசையாக நின்றால் அது பைரசோலின்தான். அந்த மூன்றையும் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பைரசோல் வேண்டும் என்றால் தனியாக ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும்.

இரண்டாவது ஆல்டிஹைடும் ஒட்டியிருக்கிறது: டைஅமீனையும் ஆல்டிஹைடையும் நேராகச் சேர்த்தால், நைட்ரஜனிலும் ஒரு தொகுதி ஏறிய பென்சிமிடசோல் கூடவே வரும். 5.4 பிபிஎம் பக்கம் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஒற்றை உச்சி தெரிந்தால் அதுதான். ஆல்டிஹைடை முதலில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டுடன் கலந்து பைசல்ஃபைட் சேர்மமாக மாற்றிவிட்டு, டைஅமீனை அப்புறம் சேர்த்து டிஎம்எஃப் என்ற கரைப்பானில் சூடாக்குங்கள். பக்க விளைபொருள் பெருமளவு குறையும். ஆல்டிஹைடை ஒரு சமானத்துக்கு மேல் போடாதீர்கள்.

## அறிகுறி 3: கலவை கறுத்துத் தார் போல ஆகிறது

எதை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து இது இரண்டாகப் பிரியும்.

டைஅமீன் இருந்தால்: ஆர்த்தோ-ஃபினைலீன்டைஅமீன் நல்ல நிலையில் வெளிறிய நிறத்தில் இருக்கும், 102 முதல் 104 டிகிரிக்குள் உருகும். பாட்டிலில் இருப்பது காபிப்பொடி நிறத்தில் இருந்தால் வினை தொடங்கும் முன்பே கறுப்பை உள்ளே போட்டுவிட்டீர்கள். சூடான நீரில் சிறிதளவு சோடியம் டைதயோனைட் சேர்த்துக் கரைத்து, செயலூட்டிய கரி போட்டு, சூடாகவே வடிகட்டி, பனிக்கட்டியில் குளிர வையுங்கள். பளபளவென்று தகடு தகடாக இறங்கும். பனிநீரில் கழுவி, உலர்த்தி, நைட்ரஜனில் மூடி வையுங்கள். இந்தப் பொருள் நச்சு, புற்றுநோய் சந்தேகமும் உண்டு. உறிஞ்சு பேழைக்குள், கையுறையோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

பைரோல், இன்டோல் இருந்தால்: அமிலம் அதிகம். இந்த வளையங்கள் வலுவான அமிலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாலிமர் ஆகிவிடும். அமில அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள், அல்லது அசிட்டிக் அமிலத்துக்கு மாறுங்கள். குடுவையைக் காற்றில்லாமல் வையுங்கள், வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். வினை முடிந்ததும் உடனே நடுநிலையாக்க வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அமிலத்திலேயே விட்டால் காலையில் தார்தான்.

தார் வந்த பிறகும் விளைபொருள் உள்ளே இருக்கிறதா என்று ஒரு சொட்டு எடுத்து எல்சி-எம்எஸ் (பொருள்களைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) பாருங்கள். நிறை எண் தெரியவில்லை என்றால் கழிவுக்கு அனுப்புங்கள். தாரிலிருந்து 5 சதவீதம் மீட்பதைவிட மறுபடி தொடங்குவது சுருக்கம்.

## அறிகுறி 4: புள்ளி வால் விடுகிறது, காலம் (சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய்) குரோமட்டோகிராபியில் பொருள் இறங்க மாட்டேன் என்கிறது

வளைய நைட்ரஜன் காரத்தன்மையோடு இருந்தால் சிலிக்காவின் அமிலப் பரப்பைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கலப்படம் என்று நினைத்து மறுபடி மறுபடி சுத்தம் செய்வதுதான் வீண் வேலை.

கரைப்பானில் 1 சதவீதம் ட்ரைஎத்திலமீன் சேர்த்துத் தகட்டை ஓட்டிப் பாருங்கள். வால் மறைந்து வட்டமாக நின்றால் விஷயம் முடிந்தது. சிலிக்காவையும் அதே கலவையில் முதலில் ஊறவைத்து நிரப்புங்கள். ரொம்பவும் துருவத்தன்மை உள்ளதாக இருந்தால் டைகுளோரோமீத்தேனில் 5 முதல் 10 சதவீதம் மெத்தனாலும், சில சொட்டு அம்மோனியாக் கரைசலும். இதற்கும் அசையவில்லை என்றால் கார அலுமினாவுக்கு மாறுங்கள்.

சிலிக்காவிலேயே பொருள் சிதைகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சதுரத் தகடு வெட்டுங்கள். ஒரு மூலையில் புள்ளி வைத்து ஒரு பக்கமாக ஓட்டி, உலர்த்தி, ஒரு மணி நேரம் விட்டு, தகட்டைத் திருப்பி மறுபக்கமாக ஓட்டுங்கள். எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டத்தில் இருந்தால் பொருள் தாங்குகிறது. மூலைவிட்டத்துக்கு வெளியே புதிய புள்ளி வந்தால் சிதைகிறது; சிலிக்காவை மறந்துவிட்டு படிகமாக்கலுக்குப் போங்கள். ஒமெப்ரசோல் போன்ற அமிலம் தாங்காத பென்சிமிடசோல்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு தகடு பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். அந்த மருந்தை வயிற்று அமிலத்தில் கரையாத உறைக்குள் வைத்துக் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

## அறிகுறி 5: குடுவையில் இருந்தது, கழுவியதும் காணோம்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். நல்ல வினைகள் அதிகம் சாவது பிரிபுனலில்தான்.

முதல் விதி: கையில் கடைசிப் பொருள் வந்து, அதன் என்எம்ஆரையும் பார்க்கும் வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள். நீர் அடுக்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து டிஎல்சி ஓட்டுங்கள். புள்ளி அங்கே இருந்தால் பொருள் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

பென்சிமிடசோலை எடுத்துக்கொள்வோம். இதன் நைட்ரஜன் பிஎச் 5.5-க்குக் கீழே புரோட்டானை ஏற்றுக்கொண்டு நீருக்குள் போகும். பிஎச் 12.8-க்கு மேலே போனால், தன்னிடம் இருக்கும் புரோட்டானை இழந்து அப்போதும் நீருக்குள் போகும். ஒருமுறை ஒரு மாணவி ஃபார்மிக் அமில வினையை முடித்துவிட்டு, லிட்மஸ் நீலமான பிறகும் பயத்தில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிக்கொண்டே போயிருந்தார். வடிகட்டியில் இருந்தது ஒரு சிட்டிகைதான். வடிநீரைக் கொட்டாமல் பீக்கரில் வைத்திருந்தது நல்லதாயிற்று. அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 8-க்குக் கொண்டுவந்தோம். முதலில் பால் போலக் கலங்கியது, கண்ணாடிக் கம்பியால் சுவரை உரசியதும் வெள்ளை வெள்ளையாக இறங்க ஆரம்பித்தது. உலர்த்தி உருகுநிலை பார்த்தபோது 170-ல் தொடங்கி 172-ல் முடிந்தது. பிஎச் தாளை வைத்து 8, 9-க்குள் நிறுத்துங்கள். லிட்மஸை நம்ப வேண்டாம்.

இமிடசோல், ட்ரைஅசோல் போன்ற சிறிய வளையங்கள் நடுநிலையிலும் நீரில் கரைவன. அவற்றுக்கு எத்தில் அசிடேட் போதாது. நீர் அடுக்கில் உப்பை நிறைய கரைத்து, குளோரோஃபார்மும் ஐசோபுரொபனாலும் 3:1 கலந்து நான்கைந்து முறை எடுங்கள். அப்படியும் வராவிட்டால் நீரை முழுக்க ஆவியாக்கி, மிஞ்சிய திடத்தைச் சூடான எத்தனாலில் கரைத்து உப்பை வடிகட்டிவிடலாம். ஆனால் கலவையில் அசைடோ பெராக்சைடோ ஹைட்ரசீனோ இருந்தால் வறளும் வரை ஆவியாக்கக் கூடாது.

## அறிகுறி 6: திடமாக வர வேண்டியது பிசினாக நிற்கிறது

பெரும்பாலும் உள்ளே கரைப்பான் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். டிஎம்எஃப் என்றால் ரோட்டாவில் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவி) போகாது. எத்தில் அசிடேட்டில் கரைத்து 5 சதவீத லித்தியம் குளோரைடு கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். மற்றவற்றுக்குக் குளிர்ந்த டைஎத்தில் ஈதரையோ ஹெக்சேனையோ ஊற்றி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கப் பாருங்கள். முன்பு தயாரித்ததன் ஒரு துகள் இருந்தால் விதையாகப் போடுங்கள். கார நைட்ரஜன் உள்ளவற்றை ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றினால் பிடிவாதமான பிசினும் படிகமாகிவிடும்.

## அறிகுறி 7: ஒட்டி ஒட்டி இரண்டு புள்ளிகள், நிறை எண் ஒன்றுதான்

இட மாற்றியங்கள்: அதே அணுக்கள், தொகுதிகள் ஒட்டிய இடம் மட்டும் வேறு. சமச்சீரில்லாத 1,3-டைகீட்டோனும் பதிலீடு உள்ள ஹைட்ரசீனும் சேர்த்தால் பைரசோல் இரண்டு விதமாக மூடும். தூய ஹைட்ரசீனுக்குப் பதில் அதன் ஹைட்ரோகுளோரைடை எத்தனாலில் பயன்படுத்திப் பாருங்கள். செலகாக்சிப் தயாரிப்பில் வேண்டிய மாற்றியம் மேலோங்குவது இப்படித்தான்.

எது எது என்பதை ஊகிக்காதீர்கள். பழைய கட்டுரைகளிலேயே இது தப்பாக எழுதப்பட்டது உண்டு. நைட்ரஜன் மேல் இருக்கும் மெத்திலுக்கும் 5-ஆம் இடத்துத் தொகுதிக்கும் இடையே நோசியில் (அருகருகே உள்ள ஹைட்ரஜன்களைக் காட்டும் என்எம்ஆர் சோதனை) தொடர்பு தெரிகிறதா என்று பாருங்கள். நோசியும் குழப்பினால் படிகம் வளர்த்து எக்ஸ்-கதிர் நிபுணரிடம் கொடுங்கள். மருந்தாக்க ஆய்வில் போகிற மூலக்கூறு என்றால் இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது.

## அறிகுறி 8: என்எம்ஆரில் உச்சிகள் குறைகின்றன, அல்லது கூடுகின்றன

குறைந்தால்: என்எச் உள்ள பென்சிமிடசோலில் ஹைட்ரஜன் இரு நைட்ரஜனுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும். அதனால் அரோமாட்டிக் உச்சிகள் அகன்று படுத்துவிடும், கார்பன் என்எம்ஆரில் சில உச்சிகள் தெரியவே தெரியாது. குழாயில் ஒரு சொட்டு ட்ரைஃபுளூரோஅசிட்டிக் அமிலம் விடுங்கள், அல்லது 60 டிகிரிக்குச் சூடாக்கி எடுக்கச் சொல்லுங்கள். உச்சிகள் எழுந்து நிற்கும்.

கூடினால்: முதலில் கரைப்பான் எச்சம். டியூட்டிரோகுளோரோஃபார்மில் 1.26, 2.05, 4.12 மூன்றும் சேர்ந்து வந்தால் எத்தில் அசிடேட், 5.30 டைகுளோரோமீத்தேன், 2.17 அசிட்டோன். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 3.33 தண்ணீர்.

முதல் நாள் சரி, அடுத்த வாரம் வேறு: பொருள் மாறிக்கொண்டிருக்கிறது. ஹான்ட்ஸ் டைஹைட்ரோபிரிடினில் 5 பிபிஎம் பக்கம் உள்ள ஒற்றை உச்சி சிறுத்துக்கொண்டே போனால் அது பிரிடினாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. நிஃபெடிபைனும் இந்தக் குடும்பம்தான். அது வெளிச்சம் பட்டாலே சிதையும். இவற்றை மஞ்சள் விளக்கிலோ சிவப்பு விளக்கிலோ கையாளுங்கள், பழுப்புக் குப்பியில் வையுங்கள். பைரோல், இன்டோல் என்றால் பழைய டியூட்டிரோகுளோரோஃபார்மில் ஊறியிருக்கும் அமிலமே காரணமாகலாம். அதைக் கார அலுமினா வழியாகச் சொட்டவிட்டுப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 9: உயிரியல் சோதனை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் தருகிறது

தயாரித்தவர்கள் இதை உயிரியல் துறையின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் காரணம் பாதி நேரம் குப்பிக்குள்தான் இருக்கிறது.

கரைந்திருக்கிறதா? டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறையும், காற்றிலிருந்து தண்ணீரையும் உறிஞ்சும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை முழுக்க உருக விட்டு, குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் மினுங்கும் துகள் இருந்தால் நீங்கள் எழுதிவைத்த செறிவு பொய். அப்புறம் பஃபரில் ஒரு சொட்டு விட்டுக் கலங்குகிறதா என்றும் பாருங்கள்.

அகார் தட்டில் நுண்ணுயிர் வளராத வளையமே வரவில்லையா? நுண்ணுயிர் எதிர்ப்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நீரில் கரையாத பொருள் அகாரில் பரவாது. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்து, வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைப் பாருங்கள். டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள கட்டுப்பாடு எல்லாத் தட்டிலும் இருக்க வேண்டும்.

எல்லா நொதியையும் தடுக்கிறதா? மகிழ்ச்சி அடைவதற்கு முன் 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 சேர்த்து, நொதிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தடுக்கும் திறன் பெரிதும் குறைந்துபோனால் உங்கள் மூலக்கூறு உருண்டை உருண்டையாகத் திரண்டு நொதியை ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ரோடனின் போன்ற சில வளையங்கள் இப்படிப் பல சோதனைகளில் பொய்யாகப் பளிச்சிடும் என்று பெயில், ஹாலோவே இருவரும் 2010-ல் 'பெயின்ஸ்' வடிகட்டிகளாகவே தொகுத்தார்கள். உங்கள் அமைப்பை அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எம்டிடி (உயிருள்ள செல்களைச் சாயத்தின் நிற மாற்றத்தால் அளப்பது) சோதனை என்றால், செல் இல்லாத குழிகளில் பொருளையும் சாயத்தையும் மட்டும் விட்டு நிறம் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் எளிது. தயோல் உள்ளவை செல் இல்லாமலே அதை ஊதாவாக்கிவிடும்.

தயாரிப்புக்குத் தயாரிப்பு எண் மாறுகிறதா? பல்லேடியமோ செம்போ பயன்படுத்திய படி ஏதாவது இருந்ததா? அந்த உலோகத்தின் எச்சமே செல்லைக் கொல்லலாம். ஐசிபி-எம்எஸ் (உலோக எச்சத்தை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள், தயோல் பிணைத்த சிலிக்காவில் அலசி மறுபடி சோதியுங்கள். மோனாஸ்ட்ரால் போன்ற பிஜினெல்லி விளைபொருள்களில் 4-ஆம் இடம் கைரல் (இடக்கை, வலக்கை போல இரண்டு பிம்ப வடிவம் உண்டு), சாதாரண வினையில் இரண்டு கைவடிவமும் சமமாக வரும். ஒன்று மட்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க, அவற்றைப் பிரிக்கும் கைரல் எச்பிஎல்சி கருவி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது 5 மில்லிகிராமாவது கொடுங்கள், எந்தக் கரைப்பானில் கரைகிறது என்பதையும் குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள்.